சாம்காவின் வயிறு

ரவேகாவுக்கு வாயைவிடக் கை முந்தும். சந்தையில் அவளுடைய பாலாடைக்கட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆட்டு மூத்திர வாடை அடிக்குதே" என்றான் ஒரு வியாபாரி. அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அவன் மூக்கு உடைந்துவிட்டது. கையில் மரக்கரண்டி இருந்துதொலைத்தது என்று போலீஸ்காரரிடம் சொன்னாள். கரண்டி இல்லாவிட்டால் என்ன செய்திருப்பாய் என்று அவர் கேட்டார். "வெறுங்கையால அடிச்சிருப்பேன். அது இன்னும் வலிக்கும்" என்றாள். போலீஸ்காரர் ஒரு கட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் ரோட்னா மலையில் வழக்குகள் பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

அவளைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, அவளுக்குப் பேய்க்கோபம் என்பது. அதை முகத்துக்கு நேரே சொல்வார்கள். இன்னொன்று, வயிற்றில் இருந்த பிள்ளையைத் தானே அழித்துக்கொண்டவள் என்பது. அதை முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். இரண்டையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் ஒருத்தன்தான், அவள் கொழுந்தன் நிஸ்தோர். அவனும் அவளும் ஒரே ஆட்டுக்கிடையில், ஒரே அடுப்பில், ஒரே சட்டியில் கிண்டிய மக்காச்சோளக் களியைத் தின்றுகொண்டு, வருஷக்கணக்கில் ஒருவரை ஒருவர் கரித்துக்கொட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

அவள் புருஷன் தொவாதெர் காட்டில் மரம் வெட்டும்போது உருண்டு வந்த கட்டைக்கு அடியில் மாட்டிச் செத்தான். தலை எது, தோள் எது என்று தெரியாத மாதிரி நசுங்கியிருந்தான். தன் பங்கு ஆடுகளை விற்றுவிட்டு விதவைகளோடு சேர்ந்து கோயிலுக்கு மெழுகுவத்தி உருட்டப் போய்விடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவளோ அடுத்த வசந்தத்தில் தன் பாதி மந்தையை ஓட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள். பால் காய்ச்சுவது, கட்டி பிழிவது, நாய்களை ஆள்வது எல்லாம் அவள். மேய்ச்சலும் கூலியாட்களும் நிஸ்தோர். பொம்பளை ஆள்கிற கிடையில் கரடி வந்து குடியிருக்கும் என்று பக்கத்துக் கிடைக்காரர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பை நிறுத்தியது சாம்கா என்ற பெட்டை நாய்.

பெயர் வைத்தது நிஸ்தோர்தான். சாம்கா என்றால் பிரசவ அறைக்குள் புகுந்து சிசுவின் கழுத்தை நெரிக்கும் பேய். எங்கள் பெண்கள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கண் திறக்காத குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கி வந்து அவள் மடியில் போட்டான். "இந்தா அண்ணி, உன் சாதிக்காரி. சாம்கான்னு பேர் வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் கூடி ஊர்ப் பிள்ளைங்களத் தின்னுங்க" என்றான். கூலியாட்கள் சிரித்தார்கள். ரவேகா குட்டியைக் கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "நல்ல பேருதான். ஒருத்தனும் இவ பக்கத்துல வரமாட்டான். நீயும் வராத" என்றாள்.

குட்டி வளர்ந்து கன்றுக்குட்டி உயரத்துக்கு நின்றது. ஆணி வைத்த இரும்புப் பட்டை கழுத்தில் ஏறியது. ஒரு கோடையில் கரடி வேலியைப் பிளந்து உள்ளே வந்தபோது கடுவன் நாய்கள் எட்ட நின்று குரைத்துக்கொண்டிருக்க, சாம்கா மட்டும் பின்னால் போய்த் தொடைச் சதையைக் கவ்விப் பிடித்தாள். கரடி சுழன்றது. அறைந்தது. ஒரு காதும் பாதிக் கன்னமும் கிழிந்து தொங்கின. அவள் விடவில்லை. கரடி ஆட்டைப் போட்டுவிட்டு, தன் தொடையில் ஒரு துண்டையும் அவள் வாயில் விட்டுவிட்டு ஓடியது. ரவேகா ஆட்டுத்தோல் தைக்கும் ஊசியாலேயே கன்னத்தைத் தைத்தாள். தைக்கும்போது நாய் அவள் முழங்கையைக் கடித்தது, அவள் நாயின் மூக்கில் குத்தினாள், இருவரும் தையலை முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கிடையைக் கரடிகள் சுற்றிக்கொண்டு போயின.

ஆனால் பெட்டை நாய் பெட்டை நாய்தானே. பருவத்துக்கு வரும். மலைமேல் அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. அந்தக் கரடிச் சண்டைக்கு முந்தின வருஷம் சாம்கா முதல்முறை பருவத்துக்கு வந்தபோது நடந்ததைக் கூலியாட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கிடைக் கடுவன்கள் ஒன்றையொன்று குதறின. வயதான கறுப்பனின் வயிறு கிழிந்து, குடல் புல்லில் இழுபட, அந்த நிலையிலும் அது எதிராளியின் தொண்டையை விடாமல் செத்தது. இன்னொன்றுக்கு முன்கால் எலும்பு வெளியே வந்துவிட்டது. நிஸ்தோர் கோடாலியால் முடித்துவைத்தான். நாய்கள் இப்படிப் பொண்டாட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பட்டப்பகலில், கரடி நிதானமாக மறுபக்கம் இறங்கி, ஆடுகளை ஒவ்வொன்றாக அறைந்து போட்டுவிட்டுப் போயிருந்தது. முதுகெலும்பு முறிந்த ஆடுகள் உயிரோடு கத்திக்கொண்டு கிடந்தன. கத்தியை எடுத்துக்கொண்டு அவற்றின் கழுத்தை அறுத்தபடி போனாள் ரவேகா. சாயங்காலம்வரை அறுத்தாள்.

அதற்கு எங்கள் மலையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பருவத்தை நிறுத்தும் ஊசி. அடிவாரத்து டவுனில் கால்நடை மருந்துக் கடையில் கேட்டால் கேள்வி கேட்காமல் தருவான். மந்தை மலையேறுவதற்கு முன்பு, ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பது போல, குளம்பு சீவுவது போல, பெட்டை நாய்க்கு இந்த ஊசி. பள்ளத்தாக்கு முழுக்க இதுதான் வழக்கம். டாக்டரைக் கேட்பது என்று யாருக்கும் தோன்றாது. கருப்பையை எடுத்துவிடலாமே என்று டவுன்காரர் யாராவது சொன்னால், எடுத்துவிட்டால் நாய்க்கு ரோஷம் போய்விடும், கரடியைப் பார்த்து வாலாட்டும் என்பார்கள். ரவேகாவும் அதையே சொன்னாள். வருஷா வருஷம் சாம்காவைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தன் கையாலேயே ஊசியைக் குத்தினாள். கை நடுங்காமல் குத்துவதில் அவளுக்குப் பெருமை வேறு.

அந்த வருஷமும் குத்தினாள். ஆனாலும் கோடை முடியும் சமயத்தில் சாம்காவின் வயிறு பெருத்தது.

முதலில் பார்த்தவன் நிஸ்தோர். பால் கறக்கும் சந்தில் ஆடுகளைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "அண்ணி, உன் சாமியாரிணி வயித்தத் தள்ளிக்கிட்டு வர்றா பாரு" என்றான்.

"தின்னது செரிக்கல."

"நாலு நாளா அவ களிய மோந்துகூடப் பாக்கல. சினைதான். உன் ஊசியெல்லாம் தண்ணி. குட்டியில ரெண்டு எனக்கு, சொல்லிட்டேன். அம்மாக்காரி ரத்தம், நல்லா வரும்."

ரவேகா நாயைப் புரட்டிப் பார்த்தாள். வயிறு கல்லாக இருந்தது. அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஊசி போட்டும், கட்டிக்காத்தும், தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எவனோடோ போய் வந்திருக்கிறாள் என்ற கோபம். "ஓடுகாலி நாயே" என்று காலை ஓங்கினாள். ஓங்கிய கால் நாயின் மேல் படவில்லை, பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியை உதைத்துத் தள்ளியது. சாம்கா தள்ளாடி எழுந்து, மண்ணில் ஓடிய தண்ணீரின் பின்னாலேயே போய் அதை நக்கினாள். சேறாகும்வரை நக்கினாள்.

நாயை அடிக்காத கோபம் காவ்ரில் தலையில் விடிந்தது. காவ்ரில் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கிடைக்காரன், சாது. அவனிடம் ஒரு பெரிய சாம்பல் கடுவன் இருந்தது. ரவேகா ஓடையைத் தாண்டிப் போய், குனிந்து பால் கறந்துகொண்டிருந்தவனின் முதுகில் தடியால் ஒன்று போட்டாள். அவன் பால்வாளியோடு முகங்குப்புற விழுந்தான். எழுவதற்குள் இன்னொன்று.

"அக்கா, என்ன விஷயம்னு மொதல்ல சொல்லுங்க. அப்புறம் அடிங்க" என்றான் மூக்கில் பால் வழிய.

"உன் நாயக் கட்டிப்போடத் துப்பில்லையா உனக்கு? என் நாயக் கெடுத்துட்டான் உன் நாயி."

"என் நாயா? அது மலையேறுன புதுசுலயே செத்துப்போச்சே அக்கா. அந்தா, பள்ளத்துல தோல் கெடக்கு பாருங்க. வேட்டைக்காரனுங்க சுட்டுப்புட்டானுங்க."

ரவேகா பள்ளத்தைப் பார்த்தாள். தடியைக் கீழே போட்டாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வராது. அவன் தொப்பியை எடுத்து, தட்டி, தலையில் கவிழ்த்துவிட்டு, "வேற எவனோடதோ" என்று சொல்லி நடந்தாள்.

வேறு எவனுடையதும் இல்லை. இதை அவள் மறுநாள் காலையில் தெரிந்துகொண்டாள். விறகுக் குவியலுக்குப் பின்னால் சாம்கா குழி பறித்துப் படுத்திருந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். முலைகள் வற்றிக் கிடந்தன, குட்டி போடப்போகும் நாயின் முலை இப்படி இருக்காது. ரவேகா வாலைத் தூக்கினாள். பழுப்பும் சிவப்புமாகச் சீழ் வடிந்து பின்னங்கால் மயிரில் ஒட்டிக் காய்ந்திருந்தது. வாடை மூக்கில் ஏறியதும் அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். தன் சொந்தப் படுக்கையிலேயே முகர்ந்திருக்கிறாள்.

அது பழைய ஆட்சியின் காலம். பிள்ளையைக் கலைப்பது சர்க்காருக்கு எதிரான குற்றம். எந்தப் பெண்ணாவது ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டருக்கு முன்னால் அரசு வக்கீல் வந்து நிற்பான். ரவேகா அப்போது முழுகாமல் இருந்தாள், வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. தொவாதெர் பிளம் சாராயத்தில் மிதந்துகொண்டு வந்து, களியில் உப்பில்லை என்று அவள் அடிவயிற்றில் பூட்ஸ் காலால் உதைத்தான். ஒரு உதைதான். உப்புக்காக. எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. அவன் செத்துப்போன மனிதன், இருந்தாலும் சொல்கிறேன், அந்த மரக்கட்டை கொஞ்சம் முன்னமே உருண்டிருக்கலாம்.

ரத்தம் கொட்டியது. பிள்ளை பாதி வந்தது, பாதி வரவில்லை. மாமியார் இலின்கா கதவைத் தாழிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் என் பிள்ளை ஜெயிலுக்குப் போவான் என்று காலைப் பிடித்தாள். பிறகு தன் கையைச் சாராயத்தில் கழுவிக்கொண்டு, ஆட்டுக்குப் பார்க்கிற மாதிரி, மருமகளின் வயிற்றுக்குள் கையை விட்டு மிச்சத்தை இழுத்தாள். ரவேகா தலையணையைக் கடித்தாள். இலின்கா எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக நினைத்தாள். எடுக்கவில்லை. அடுத்த வாரம் உடம்பு தீயாகக் காய்ந்தது, படுக்கை நாறியது, அப்புறம்தான் வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அரசு வக்கீல் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். "யார் செஞ்சது? பேரச் சொன்னா டாக்டர் தொடுவாரு" என்றான். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரவேகா பேரைச் சொல்லவில்லை. புருஷன் பேரையும் சொல்லவில்லை, மாமியார் பேரையும் சொல்லவில்லை. கடைசியில் "நானேதான்" என்றாள். அதை எழுதிக்கொண்டு போன பிறகுதான் அவளை மேஜைக்கு ஏற்றினார்கள். கருப்பை போய்விட்டது. கலைத்தவள் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. சிறைவாசமும் கொஞ்சம் அனுபவித்தாள்.

திரும்பி வந்த நாளில் தொவாதெர் அவள் காலில் விழுந்தான். அவள் விறகுக்கட்டையால் அவன் தோள்பட்டை எலும்பை முறித்தாள். அதற்குப் பிறகு அவன் குடிக்கவில்லை, கை ஓங்கவுமில்லை. மாமியாரோடு அவள் அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் சாகும்வரை பேசவில்லை. அப்போது பட்டாளத்தில் இருந்த நிஸ்தோர், ஊர் சொன்னதைத்தான் கேட்டான். அண்ணனின் பிள்ளையை அண்ணி கொன்றுவிட்டாள் என்று. யாரும் அவனுக்கு வேறு எதையும் சொல்லவில்லை.

ரவேகா சாம்காவின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது நிஸ்தோர் கோடாலியோடு வந்தான்.

"நவுரு அண்ணி. சினை இல்ல, அழுகல். மத்த நாயெல்லாம் வந்து நக்குது. எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்."

"டவுனுக்குக் கொண்டுபோறேன்."

"நாய்க்கு டாக்டரா? உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? ஊர்ல கேட்டா வாயால சிரிக்கமாட்டான். அதோ அந்த மரத்தடியில ஒரே போடு, வலிக்காது."

"ஜீப் சாவியக் குடு."

"தரமாட்டேன்." அவன் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தான். சாம்கா தரையில் இழுபட்டாள், குரைக்கக்கூடத் தெம்பில்லை. "மலடி வளத்தது மலட்டு நாயி. ரெண்டு வயித்துலயும் ஒரே நாத்தம்."

பால் காய்ச்சும் கொப்பரையைத் தொங்கவிடும் கட்டை ரவேகாவின் கைக்கு எட்டியது. கரி படிந்த, தொடைப் பருமன் கட்டை. முதல் அடி அவன் கையில் விழுந்தது. பட்டையைப் பிடித்திருந்த கை. எலும்பு முறிந்த சத்தம் பால் கறந்துகொண்டிருந்த கூலியாட்களுக்குக் கேட்டது, அவர்கள் நிமிரவேயில்லை. நிஸ்தோர் அலறிக்கொண்டு மற்றக் கையால் கோடாலிக் காம்பைச் சுழற்றினான். காம்பு அவள் வாயில் பட்டது. இரண்டு பற்களைத் துப்பினாள். துப்பிவிட்டு அவன் முழங்காலில் அடித்தாள், விழுந்தவனின் மார்பில் ஏறி உட்கார்ந்து கட்டையைக் கழுத்துக்குக் குறுக்கே வைத்து அழுத்தினாள். அவன் முகம் நீலமாகும்வரை அழுத்தினாள். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

எடுத்த பிறகுதான் நினைவு வந்தது, அவளுக்கு ஜீப் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவனின் கை முறிந்து கிடக்கிறது.

சத்தம் கேட்டு ஓடையைத் தாண்டி வந்து நின்றான் காவ்ரில். முதுகில் நேற்றைய அடியின் வலியோடு மூன்று பேரையும் பார்த்தான்.

"ஏறு. ஓட்டு" என்றாள் ரவேகா, வாயில் ரத்தத்தோடு.

"அடிக்காம இருந்தா ஓட்றேன் அக்கா."

நாயைப் பின்னால் கம்பளியில் கிடத்தினார்கள். நிஸ்தோரை முன்னால் உட்காரவைத்து, முறிந்த கையைப் பலகைத் துண்டோடு சேர்த்துக் கட்டினார்கள். மலைப்பாதை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் நிஸ்தோர் அவளுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினான். அவள் நாயின் வாய்க்குள் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு வந்தாள். டவுனுக்குள் நுழைந்ததும் காவ்ரில் கேட்டான். "மொதல்ல ஆஸ்பத்திரியா, நாய் டாக்டரா?"

"நாய்."

"அண்ணி, எலும்பு வெளிய வரப்போகுது."

"உனக்கு இன்னொரு கை இருக்கு. அவளுக்கு இருக்கறது ஒரு உயிர்."

கால்நடை டாக்டர் தெக்லா வாயில் சிகரெட்டோடு வாசலுக்கு வந்தாள். குண்டுப் பெண்மணி, முன்கோபக்காரி. நாயின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள், வயிற்றில் கையை வைத்தாள், சிகரெட்டை எறிந்தாள். "இது கிழியப்போற பலூன் மாதிரி இருக்கு. நாளைக்குக் கொண்டுவந்திருந்தா புதைக்கத்தான் குடுத்திருப்பேன். இப்பவும் உத்தரவாதம் கிடையாது. எங்கிட்ட ஆள் இல்ல. உங்களுக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வருமா?"

ரவேகா வீங்கிய வாயைக் காட்டினாள். டாக்டர் தலையாட்டிவிட்டு அவளுக்குக் கையுறையைக் கொடுத்தாள்.

நாய் மயங்கியது. வயிற்று மயிரைச் சிரைத்து, கத்தியால் நடுவில் கோடு இழுத்தாள் டாக்டர். உள்ளே விரலை விட்டு மெதுவாக வெளியே எடுத்தாள். சாம்பலும் ஊதாவுமாக, ரத்தம் அடைத்து உப்பிய பெரிய குடல் போல ஒன்று வழுவழுவென்று வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கம் முடிந்தது என்று பார்த்தால் அந்தப் பக்கமும் அதே பருமனில் இன்னொன்று.

"ரெண்டு கையாலயும் ஏந்திப் புடிங்க. அழுத்தாதீங்க. கிழிஞ்சு உள்ள கொட்டிச்சுன்னா எல்லாம் முடிஞ்சுது."

ரவேகா ஏந்தினாள். பிறந்த ஆட்டுக்குட்டியின் கனம். சூடாக இருந்தது. ஆடு அறுக்கும்போதும் ஊசி குத்தும்போதும் எதையும் பிடித்து நிற்காதவள் இப்போது முழங்கைகளை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். டாக்டர் கட்டினாள், வெட்டினாள், மறுபடி கட்டினாள். ஒரு இடத்தில் ரத்தம் பீய்ச்சி ரவேகாவின் கண்ணில் அடித்தது, அவள் இமைக்கவில்லை. கடைசி வெட்டு விழுந்ததும் அத்தனையையும் எனாமல் பேசினில் இறக்கினாள்.

தைத்துக்கொண்டே டாக்டர் பேசினாள். "மனுஷிக்குக் கர்ப்பப்பை ஒரே பை. நாய்க்கு ரெண்டு கொம்பு, வரிசையாக் குட்டிங்க படுக்கணும்ல, அதுக்காக. ஒவ்வொரு பருவத்துலயும் உள்தோல் தடிச்சு மெத்தை மாதிரி ஆகும். குட்டி வரலன்னா தானா வத்திரும். ஆனா இந்த மலைக்காரனுங்க ஒரு ஊசி போடறானுங்க பாருங்க, அது உள்தோல வத்த விடாது. குட்டி வரப்போகுதுன்னு வருஷா வருஷம் அதை ஏமாத்திக்கிட்டே இருக்கும். நீர் கோத்து, கிருமி பூந்து, சீழாகி, பையோட வாய் பாதி அடைச்சுக்கும். வெளிய பாத்தா சினை. உள்ள இந்தக் கண்றாவி. இந்தப் பேசின் எத்தனை தடவ நிறைஞ்சிருக்கு தெரியுமா? இவளுக்கு ஊசி போட்டது யாரு?"

"நான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாந்தான். வருஷா வருஷம். அவ நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் போட்டேன்."

இத்தனை வருஷமும் ரவேகா இலின்காவின் கையை மனசுக்குள் வெட்டி வெட்டிப் போட்டிருந்தாள். அந்தக் கையும் இப்படித்தான் ஒரு கதவைத் தாழிட்டுவிட்டு, யாரையோ காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. மகனைக் காப்பாற்ற. அதை நினைத்ததும் அவளுக்கு இலின்கா மேல் கோபம் வரவில்லை. வராமல் போனதே பெரிய வேதனையாக இருந்தது.

கதவு திறந்தது. பலகையில் கட்டிய கையோடு நிஸ்தோர் வாசலில் நின்றான். வியர்த்து வெளுத்திருந்தான். பேசினை எட்டிப் பார்த்தான்.

"குட்டி?"

"குட்டியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் டாக்டர்.

நிஸ்தோர் அண்ணியைப் பார்த்தான். "உன் கை பட்டா எந்த வயித்துலயும் ஒண்ணும் தங்காது போல."

காவ்ரில் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்தான், அடி விழப்போகிறது என்று. ரவேகா அடிக்கவில்லை. ரத்தக் கையுறையைக் கழற்றினாள். தாழ்ந்த குரலில், பல் போன வாயால் பேசினாள்.

"இதே மாதிரி ஒண்ணத்தான் எங்கிட்டருந்து எடுத்தாங்க. நானா அழிச்சேன்னு நெனச்சியா? உன் அண்ணன் பூட்ஸ் காலால ஒதச்சான். களியில உப்பில்லன்னு. பிள்ள பாதி வந்துச்சு. மீதிய உன் அம்மா கைய விட்டு எடுத்தாங்க, உன் அண்ணன் ஜெயிலுக்குப் போயிடுவானேன்னு. நான் எவன் பேரையும் சொல்லல. அதான் நான் போனேன்."

"பொய்" என்றான் நிஸ்தோர். "செத்தவங்க வந்து இல்லன்னு சொல்லப் போறதில்லன்னு இஷ்டத்துக்குப் பேசற. என் அம்மா..."

அங்கே நிறுத்திவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து, முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

"என்னடா?" என்றான் காவ்ரில்.

நிஸ்தோர் காவ்ரிலைப் பார்க்கவில்லை. "அம்மா சாகறப்ப நீ மலையில இருந்த அண்ணி. ரெண்டு நாளா ரவேகாவக் கூட்டிட்டு வா, ரவேகாவக் கூட்டிட்டு வான்னு ஒரே புலம்பல். சபிக்கறதுக்குக் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். போற நேரத்துல எதுக்குப் பாவம்னு உனக்கு ஆள் அனுப்பல."

ரவேகா கழற்றிய கையுறையைப் பேசின் ஓரத்தில் வைத்தாள்.

"என் கை, என் கைன்னாங்க. வலது கையத் தூக்கித் தூக்கிக் காமிச்சாங்க. கை வலிக்குதாக்கும்னு நெனச்சு..." அவன் தன் முறிந்த கையைப் பார்த்தான். "சாராயம் ஊத்தித் தேச்சு விட்டேன் அண்ணி. ராத்திரி பூரா. வேணாம் வேணாம்னு கையப் புடுங்கிக்கிட்டாங்க. நான் அழுத்திப் புடிச்சுத் தேச்சேன்."

மேஜை மேல் சாம்காவின் தாடை அசைந்தது. டாக்டர் குனிந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, "வந்துட்டா. மூச்சு நல்லாருக்கு. பொழச்சுக்குவா" என்றாள். ரவேகாவும் காவ்ரிலும் நாயைக் கீழே இறக்கிக் கம்பளியில் போட்டார்கள். ரவேகா தரையில் உட்கார்ந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பாதி மயக்கத்தில் நாய் அவள் பாவாடையெல்லாம் நனைய மூத்திரம் போனது. அவள் நகரவில்லை. துணியை நனைத்து நாயின் உதட்டில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள்.

"அம்மா என்ன சொன்னாங்க, இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

நிஸ்தோர் சொன்னான்.